ஏழாவது லாந்தர்

ஒரு கையில் சிறுநீர்க் குப்பி, இன்னொரு கையில் பேனா. குப்பியின் மேல் பெயர் எழுதிக்கொண்டிருந்தேன். லேபின் கண்ணாடிக் கதவைத் தோளால் தள்ளிக்கொண்டு கலை உள்ளே வந்தாள்.

"அண்ணி, ஏழாவது வருதாம்!"

எங்கள் லேபில் ஏழாவது என்றால் ஏழாவது டோக்கன். பெஞ்சில் உட்கார்ந்திருந்த பெரியவர் ஒருவர் தன் சீட்டைப் பார்த்துவிட்டு வேட்டியைச் சரி செய்துகொண்டு எழுந்தே விட்டார்.

"உக்காரு தாத்தா, உன்ன இல்ல" என்றாள் கலை. பிறகு என் பக்கம் திரும்பி, இடது கையில் வைத்திருந்த போனை மேசை மேல் தள்ளினாள். "பாரு."

கலைச்செல்வி என் நாத்தனார். ஒரகடம் பக்கம் ஒரு உதிரிபாகக் கம்பெனியில் வேலை. முதல் ஷிப்ட் முடிந்து கம்பெனி பஸ் உத்திரமேரூர் பஸ் ஸ்டாண்டில் இறக்கிவிட்டதும் நேராக என் லேபுக்கு வந்திருக்கிறாள். யூனிபார்ம் கோட்டைக்கூடக் கழற்றவில்லை.

போனில் முதலில் வெறும் இருட்டு. தண்ணீர் சொட்டும் சத்தம். தீக்குச்சி உரசும் சத்தம். ஒரு லாந்தர் விளக்கு எரிந்தது. அதைத் தூக்கிப் பிடித்திருந்த பெண்ணின் முகம் தெரிந்தது. கொஞ்சம் வயது கூடியிருந்தது அவளுக்கு. நடந்தாள். கடைசியில், இருட்டுக்குள்ளிருந்து ஒரு நாய் வந்து அவள் பக்கத்தில் நின்றது. அவ்வளவுதான், முடிந்துவிட்டது.

"நாய் பாத்தியா?"

"பாத்தேன்."

"ஒரு காது மடிஞ்சி கீது, பாத்தியா?"

"பாத்தேன்டி."

"அதே நாய்தான் அண்ணி!"

பெஞ்சிலிருந்த பெரியவர், "இன்னாம்மா, யாரையாவது நாய் கட்சிடுச்சா?" என்று கவலையாக விசாரித்தார்.

கலை சிரித்தாள். உடனே சிரித்ததற்காக வருத்தப்பட்டவள் போல முகத்தைச் சுருக்கிக்கொண்டாள். "பாக்கலாம். ட்ரெய்லர்ல எல்லாத்தையும் நல்லாத்தான் காட்டுவானுங்க" என்று சொல்லிவிட்டுப் போனை எடுத்துக்கொண்டு போய்விட்டாள்.

வீடியோ கேம் ஒன்றின் ஏழாம் பாகம் வருவதில் எனக்கு ஆச்சரியமில்லை. அதைப் பற்றி இவள் வாயைத் திறந்தாளே, அதுதான் ஆச்சரியம். ஒரு வருஷத்துக்கும் மேலாக எங்கள் வீட்டில் அந்தப் பேச்சே கிடையாது.

புகுந்த வீட்டில் என் முதல் வேடம்

ரத்தம் எடுக்க ஊசியைக் காட்டியதும் மயங்கி விழுந்த பயில்வானைப் பற்றிப் போன வாரம் எழுதியிருந்தேன். அதைப் படித்த ஒரு தோழி, "எப்பப் பாரு லேப் கதைதானா? உன் கல்யாணத்தைப் பத்தி எழுதேன்" என்றாள். சரி, இந்த வாரம் அதையும் சொல்லிவிடுகிறேன்.

நான் ஐயங்கார்குளத்துப் பெண். கல்யாணம் முடிந்து உத்திரமேரூருக்கு வந்த மறுநாள் மத்தியானம், விருந்துச் சாப்பாடு முடிந்து வீடே குறட்டை விட்டுக்கொண்டிருந்தது. நான் பட்டுப்புடவையோடு கட்டிலின் ஓரத்தில் விறைப்பாக உட்கார்ந்திருந்தேன். எங்கே சாய்வது, எப்போது தண்ணீர் கேட்பது, ஒன்றும் தெரியவில்லை.

முன் அறையில் டிவியின் எதிரே கலை சம்மணம் போட்டு உட்கார்ந்திருந்தாள். வேலைக்குப் போன புதிதில் வந்த தீபாவளி போனஸில் அந்த கேம் பெட்டியை வாங்கியிருந்தாள். ரொம்ப நேரம் என்னை ஓரக்கண்ணால் பார்த்தாள். பிறகு இரண்டாவது கண்ட்ரோலரை நீட்டினாள்.

"நீங்க ஆடுவீங்களா?"

"செல்போன்ல பழம் வெட்டுவேன்."

"இது ஈசிதான். நான் லாந்தர் பொண்ணு. நீங்க நாய்."

புகுந்த வீட்டில் நான் முதன்முதலில் எடுத்த வேடம் நாய்தான்.

அந்த விளையாட்டுக்கு நீளமாக ஓர் இங்கிலீஷ் பெயர் உண்டு. எங்கள் வாயில் நுழையாததால் "லாந்தர்" என்றே வைத்துக்கொண்டோம். ஊரெல்லாம் வெள்ளத்தில் முழுகிப்போன ஒரு தேசம். ஒரு பெண் லாந்தரைத் தூக்கிக்கொண்டு, அணைந்துபோன கலங்கரை விளக்குகளை ஒவ்வொன்றாக ஏற்றிக்கொண்டே போக வேண்டும். லாந்தரில் எண்ணெய் குறையக் குறைய வெளிச்சம் சுருங்கும். வெளிச்சத்துக்கு வெளியே என்ன இருக்கிறது என்று நாய்க்கு மட்டும்தான் தெரியும். ஆபத்து வந்தால் நாய் குரைக்க வேண்டும்.

குரைப்பதை எங்கள் பக்கம் "கொலைக்கிறது" என்றுதான் சொல்வோம். பாதி ஆட்டத்தில் ஏதோ ஒரு நிழல் நகர்ந்தது. நான் பார்த்துக்கொண்டே இருந்தேன். கலைக்குப் பொறுக்கவில்லை. வாங்க போங்க எல்லாம் பறந்துவிட்டது.

"ஏ அண்ணி! கொலை! கொலை!"

உள்ளே படுத்திருந்த என் மாமியார் அலறிப் புடைத்துக்கொண்டு ஓடி வந்தார். மருமகள் வந்து முழுசாக ஒரு நாள் ஆகவில்லை, அதற்குள் வீட்டில் "கொலை" என்ற சத்தம். வந்து பார்த்தால் பட்டுப்புடவையும் பூவுமாக மருமகள் டிவி முன்னால் உட்கார்ந்து பட்டனை அமுக்கி "லொள் லொள்" என்று சத்தம் வரவழைத்துக்கொண்டிருக்கிறாள். அத்தை தலையில் அடித்துக்கொண்டு காபி போடப் போனார்.

அன்றிலிருந்து கலை என்னை "நீ" என்றுதான் பேசுகிறாள். நாத்தனார் கொடுமை பற்றி என் அம்மா எனக்குச் சொல்லி அனுப்பியதெல்லாம் வீணாகப் போயிற்று.

சறுக்கிய பாகங்கள்

அன்று நான் ஆடியது இரண்டாம் பாகம். முதல் பாகத்தில் நாய் இல்லை, ஆனாலும் அருமையாக இருக்கும் என்பாள் கலை. மூன்றாவதும் மோசமில்லை. கொஞ்சம் நீளம், அவ்வளவுதான்.

நான்காவதில்தான் எவனுக்கோ புத்தி கெட்டுப் போனது. நாயை எடுத்துவிட்டு, அந்தப் பெண் கையில் துப்பாக்கியைக் கொடுத்துவிட்டார்கள். கலங்கரை விளக்கு ஏற்றப் போகிறவளுக்குத் துப்பாக்கி எதற்கு? எனக்கு வேலையே போய்விட்டது. பக்கத்தில் உட்கார்ந்து வேர்க்கடலை உரித்துக் கொடுத்தேன்.

ஐந்தாவதில் இன்னும் அநியாயம். இன்டர்நெட் இல்லாமல் ஆடவே முடியாது. லாந்தருக்கு எண்ணெய் வேண்டுமென்றால் நிஜக் காசு கட்டி வாங்க வேண்டும். அப்போது எங்கள் தெருவில் மொட்டை மாடிக்குப் போனால்தான் சிக்னல். அத்தைக்கு இதைக் கேட்டதும் சிரிப்பு தாங்கவில்லை. "ரேஷன்ல மண்ணெண்ணெய் நிறுத்தினப்பகூட இவ்ளோ பேஜார் இல்ல" என்றார்.

ஆறாவதைப் பற்றி எழுதவே கூச்சமாக இருக்கிறது. ஆட்டம் தொடங்கிய கொஞ்ச நேரத்திலேயே லாந்தர்ப் பெண்ணின் முகம் முதுகுப் பக்கம் திரும்பிக்கொண்டது. அப்படியே நடந்தாள். பிறகு தரைக்குள் இறங்கிப் போய்விட்டாள். என் கணவர் சேகர், மோட்டார் காயில் கட்டும் கடை வைத்திருக்கிறார், எந்த ரிப்பேருக்கும் அசராதவர். அவரே, "இது வைண்டிங்லயே தப்பு, ஒண்ணும் பண்ண முடியாது" என்று தீர்ப்பு சொல்லிவிட்டார்.

இதையெல்லாம் கலை கம்பெனி பஸ்ஸில் ஒரு வாரம் புலம்பிக்கொண்டே போயிருக்கிறாள். பின் சீட்டில் உட்காரும் ஒரு பெண் இறங்கும்போது அவள் கையைப் பிடித்து, "கவலப்படாத கலை, அந்தப் பொண்ணு சரியாயிடும். உங்களுக்குச் சொந்தமா?" என்று கேட்டாளாம்.

சொந்தம் என்றுதான் சொல்ல வேண்டும். மோசமாகப் போகும் சொந்தக்காரரை விட்டுவிட முடிகிறதா என்ன? ஒவ்வொரு பாகமும் வந்தபோது கலை வாங்கினாள், திட்டினாள், முடித்தாள். முடித்துவிட்டு மறுபடியும் இரண்டாவதைப் போட்டாள். நான் மறுபடியும் நாயானேன்.

சாலையில் நெல்

போன அறுப்புக்கு முந்தைய அறுப்பின்போது, மானாம்பதியில் ஒரு தோழியின் நிச்சயதார்த்தத்துக்குக் கலை ஸ்கூட்டியில் போனாள். அறுப்புக் காலத்தில் அந்தப் பக்கம் பாதி ரோட்டில் நெல் காயும். வண்டி ஏறாமலிருக்கச் சுற்றிலும் கல் வைத்திருப்பார்கள். எல்லாருக்கும் தெரிந்ததுதான், ஒதுங்கிப் போவோம். அன்று எதிரே ஓர் ஆட்டுக்குட்டி ஓடி வந்தது. அதற்காக வண்டியை ஒடித்தாள். சக்கரம் நெல்லில் ஏறி வழுக்கியது. ஓரத்தில் கிடந்த தகரத்தில் வலது கை போய் விழுந்தது.

கட்டை விரலை மடக்குகிற நரம்பு அறுந்துவிட்டது. டாக்டர் பாஷையில் அதற்கு வேறு பெயர் சொன்னார்கள். பெரிய ஆஸ்பத்திரியில் ஆபரேஷன் செய்து சேர்த்தார்கள். காயம் ஆறியது, விரல் மட்டும் மடங்கவில்லை. அந்த நெல்லுக்காரர் ஒரு பை நிறையக் கத்திரிக்காயோடு ஆஸ்பத்திரிக்கே வந்து கட்டிலின் ஓரத்தில் நின்று அழுதார். கலைதான் அவரைத் தேற்றினாள்.

"உன் நெல்லுதான் என்னால பாழாப் போச்சி. நீ இன்னாத்துக்கு அழுவற?"

வீட்டுக்கு வந்த பிறகுதான் எங்களுக்கு ஒவ்வொன்றாகப் புரிந்தது. ஜடை பின்ன முடியவில்லை. சட்டைப் பட்டன் போட முடியவில்லை. கம்பெனியில் அவள் வேலை, சின்னச் சின்ன உதிரிபாகங்களை விரல்களுக்கு நடுவே உருட்டிப் பார்த்துப் பிசிறு இருக்கிறதா என்று சொல்வது. அதிலிருந்து எடுத்து ஸ்டோரில் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார வைத்தார்கள். கம்பெனி நல்லதாகத்தான் செய்தது. ஆனால் அன்று சாயங்காலம் வந்தவள் டீயைத் தொடவில்லை.

விரலுக்குப் பயிற்சி கொடுக்கிற டாக்டர் காஞ்சிபுரத்திலிருந்து வியாழக்கிழமைகளில் வருவார். சில வாரம் போனாள். களிமண்ணைப் பிசையச் சொல்வார், கிளிப்பைப் பிடித்து அமுக்கச் சொல்வார். "சுத்தமா ஒண்ணும் அசையல அண்ணி. சின்னப் புள்ள மாதிரி மண்ணு பெசஞ்சிக்கினு கீறேன்" என்று நிறுத்திவிட்டாள்.

ஒரு நாள் லேபிலிருந்து வந்து பார்த்தால் டிவிக்குக் கீழே கேம் பெட்டி இருந்த இடம் காலியாக இருந்தது. அரிசிச் சாக்கில் சுற்றிப் பரண்மேல் ஏற்றியிருந்தாள்.

"போரடிச்சிடுச்சி" என்றாள். நானும் "உம்" என்றேன். அந்த இடத்தில் அத்தை ஒரு பிளாஸ்டிக் பூச்சாடியை வைத்தார்.

நம்பிக்கை வேறு, பாக்கலாம் வேறு

இப்போது அந்தச் சாயங்காலத்துக்கு வருகிறேன். லேபை மூடிவிட்டு வீட்டுக்குப் போனேன். கலை ஒன்றுமே நடக்காதது போல வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தாள், இடது கையால்.

அடுத்த சில வாரங்களில், சந்தோஷப்படாமல் சந்தோஷப்படுவது எப்படி என்று அவளிடம்தான் பார்த்தேன். ட்ரெய்லரை ஒரு தடவைக்கு மேல் பார்க்கக் கூடாது என்று தனக்கே சட்டம் போட்டுக்கொண்டாள். ஆனால் குளியலறையில் தண்ணீர் திறக்கும் முன்பே தண்ணீர் சொட்டும் சத்தம் கேட்கும், பின்னாலேயே தீக்குச்சி உரசும் சத்தமும்.

சாப்பிடும்போது தகவல்கள் ஒவ்வொன்றாக வந்து விழும். யாரையும் பார்க்காமல், சோற்றைப் பிசைந்துகொண்டே சொல்வாள்.

"துப்பாக்கி இல்லியாம்."

கொஞ்ச நேரம் கழித்து, "மொத பாகத்துக்கு மீசிக் போட்டவரே திரும்பி வந்துட்டாராம்."

பிறகு, தன்னையே அதட்டிக்கொள்வது போல, "ஆனா ஆறாவதுக்கும் இப்டித்தான் சொன்னானுங்க."

என் கணவருக்குப் பொறுக்கவில்லை. "மூஞ்சி முதுவுப் பக்கம் திரும்பிச்சே, மறந்துட்டியா? இன்னும் இன்னாத்துக்கு நம்பிக்கினு கீற?"

"நம்பலண்ணா. பாக்கலாம்னு கீறேன்."

"ரெண்டும் ஒண்ணுதான?"

"வேற வேற" என்றாள் கலை. இவருக்குப் புரியவில்லை. எனக்குப் புரிந்தது. லேபில் ரிப்போர்ட் வாங்க வருகிறவர்கள் எல்லாரும் அப்படித்தான் கவரைப் பிடித்துக்கொண்டு நிற்பார்கள். பிரிக்கவும் மாட்டார்கள், கீழே வைக்கவும் மாட்டார்கள்.

சொன்ன தேதியில் ஆட்டம் வரவில்லை. தள்ளிப்போட்டார்கள். கலைக்கு அதில் நிம்மதி. "வேகட்டும். அரவேக்காடா எறக்கினா இன்னா ஆவும்னுதான் பாத்தமே" என்றாள். அதற்குப் பதில், ஆட்டத்தின் முதல் கொஞ்ச தூரத்தை மட்டும் சும்மா ஆடிப் பார்க்க வெளியிடப்போவதாகச் செய்தி வந்தது. டெமோ என்கிறார்கள்.

எந்தக் கையால் ஆடுவாள் என்று வீட்டில் யாரும் கேட்கவில்லை. கண்ட்ரோலரில் இடது கட்டை விரலுக்கு நடை. வலது கட்டை விரலுக்குக் குதிப்பது, லாந்தரைத் தூக்குவது, திரியைக் குறைப்பது எல்லாம்.

டெமோ வந்த ஞாயிறு

மத்தியானம் சாப்பிட்டு முடித்ததும், "அண்ணி, பரண்ல ஒரு சாக்கு கீது, எறக்கித் தரியா?" என்று கேட்டாள். நாற்காலி போட்டு இறக்கினேன். பெட்டியின் பின்பக்க ஓட்டைக்குள் பல்லி முட்டை இருந்தது. இவர் பிரஷ் வைத்துத் துடைத்துக் கொடுத்தார். பூச்சாடி ஜன்னலுக்குப் போனது. டெமோ வீட்டு வைஃபையில் மெள்ள மெள்ள இறங்க, டிவியில் ஒரு கோடு கொஞ்சம் கொஞ்சமாக நிரம்பியது. அத்தை இரண்டு தடவை எழுந்து வந்து, "அந்தக் கோடு இன்னும் ரொம்பலியா?" என்று கேட்டுவிட்டுப் போனார்.

இருட்டு. தண்ணீர். தீக்குச்சி. லாந்தர் எரிந்தது.

அந்த முதல் இசை வந்ததும் கலையின் கழுத்து கொஞ்சம் முன்னால் நீண்டது. கண்ட்ரோலரைத் தொடை மேல் வைத்து, இடது கையால் பெண்ணை நடக்கவிட்டாள். வலது கையின் கட்டை விரல் நீட்டிக்கொண்டே நின்றது. சுட்டு விரலை வளைத்துப் பட்டனை எட்டப் பார்த்தாள்.

முதல் பாலத்தில் ஒரு பலகை இல்லை. குதிக்க வேண்டும். விரல் போய்ச் சேருவதற்குள் பெண் தண்ணீரில் விழுந்தாள். மறுபடியும் நடந்தாள், மறுபடியும் விழுந்தாள். எங்கள் மூன்று பேர் கண்ணும் டிவியை விட்டு அவள் கைக்குப் போய்விட்டதை அவள் பார்த்துவிட்டாள்.

கண்ட்ரோலரை என் மடியில் வைத்தாள். "நீ ஆடு அண்ணி. நான் பாக்கறேன்."

"எனக்கு நாய்தான தெரியும்?"

"ஆடு அண்ணி." குரல் சாதாரணமாகத்தான் இருந்தது. முகத்தை அண்ணன் இல்லாத பக்கம் வைத்துக்கொண்டிருந்தாள்.

ஆடினேன். அந்தப் பெண்ணைச் சுவரில் முட்டவிட்டேன். படகில் ஏற்ற வேண்டிய இடத்தில் லாந்தரை அணைத்தேன். பாலத்துக்கே போய்ச் சேராமல் ஒரு கம்பத்தைச் சுற்றிச் சுற்றி வந்தேன். கலை பல்லைக் கடித்துக்கொண்டு பொறுத்தாள்.

"லெப்ட்ல போ."

"லெப்ட்லதான் போறேன்."

"உன் லெப்ட் இல்ல, அவ லெப்ட்! ஐயோ, நவுரு!"

நவுரு என்றவள், என்னை நகர்த்தவில்லை. தோளோடு தோள் இடிக்க வந்து உட்கார்ந்து, கண்ட்ரோலரின் இடது பாதியைத் தன் இடது கையால் பிடித்துக்கொண்டாள். என் இடது கை போக இடமில்லாமல் அவள் முதுகைச் சுற்றிப் போனது.

"நான் நடத்தறேன். நீ அமுக்கு. நான் சொல்றப்போ."

பெண் நேராக நடந்தாள். எத்தனை நாளாயிற்று அவள் அப்படி நடந்து! பாலம் வந்தது.

"இப்ப!"

அமுக்கினேன். விழுந்தாள்.

"லேட்டு அண்ணி!"

"நீ லேட்டா சொன்ன!"

"சொல்றதுக்குள்ள அமுக்கணும்!"

"சொல்லாம எப்படிடி அமுக்கறது?"

அத்தை கதவோரம் நின்றபடி, "ரெண்டு பேரு ஓட்டற வண்டி எங்க போய்ச் சேரப் போவுது" என்றார். ஆனால் போகாமல் அங்கேயே உட்கார்ந்துகொண்டார்.

அதற்கப்புறம் எப்போது சரியாக வந்தது என்று சொல்லத் தெரியவில்லை. குதிப்பதற்கு முன்னால் கலை மூச்சை இழுப்பாள். அவள் வாய் திறக்கக் காத்திராமல், அந்த மூச்சுக்கு நான் அமுக்க ஆரம்பித்தேன். பாலத்தைத் தாண்டினோம். படகில் ஏறினோம். டெமோவின் கடைசியில் இருந்த ஒற்றைக் கலங்கரை விளக்கை ஏற்றினோம். அது எரிந்து தண்ணீர் மேல் மஞ்சள் பரவியபோது இவர் மோட்டார் ஓடிவிட்டது போலக் கையைத் தட்டினார்.

"எப்டி கீது?" என்று கலையைக் கேட்டேன்.

ரொம்ப யோசித்தாள். "தண்ணி நல்லா கீது. மீசிக் நல்லா கீது. நடக்கறப்போ கொஞ்சம் மெதப்பு. நாய் கொலைக்கறது ஆடு கத்தற மாதிரி கீது."

"ரெண்டாவது மாதிரி இல்லியா?"

"இல்ல" என்றாள். "ஆனா செஞ்சவனுக்கு ரெண்டாவது தெரிஞ்சி கீது."

பிறகு வயர்களைச் சுற்றி வைத்துக்கொண்டே, பேச்சோடு பேச்சாகக் கேட்டாள். "வியாயக்கெழம அந்த மண்ணு பெசையற டாக்டரு இன்னும் வராரா?"

எங்கே நிற்கிறோம்

முழு ஆட்டமும் இப்போது வந்துவிட்டது. விமர்சனம் எழுதுகிறவர்கள் இரண்டு கட்சியாகப் பிரிந்து அடித்துக்கொள்கிறார்களாம். பரவாயில்லை என்கிறது ஒரு கட்சி. பழைய பேரைக் காட்டி ஏமாற்றுகிறார்கள் என்கிறது இன்னொன்று. நாங்கள் இன்னும் பாதி தூரம்கூடப் போகவில்லை. வழியில் ஒரு சுரங்கம் மகா மோசம், அதை எந்தக் கட்சியும் மறுக்காது. அதைத் தாண்டினால் வருகிற தீவு அழகாக இருக்கிறது.

விரலும் ஏறக்குறைய அப்படித்தான். பழையபடி வந்துவிடும் என்று அந்த டாக்டர் சொல்லவில்லை, கலையும் கேட்கவில்லை. நுனி கொஞ்சம் மடங்குகிறது. மேல் பட்டனைப் போடுகிறாள், கீழ்ப் பட்டனுக்கு என்னைக் கூப்பிடுகிறாள். வேலை இன்னும் ஸ்டோரில்தான்.

போன ஞாயிறு நான் அடுப்படியில் இருந்தபோது முன் அறையில் இசை கேட்டது. எட்டிப் பார்த்தேன். இரண்டு கையாலும் கண்ட்ரோலரைப் பிடித்துக்கொண்டு தனியாக ஆடிக்கொண்டிருந்தாள். நாக்கு உதட்டோரம் நீட்டிக்கொண்டிருந்தது. ஒரு பள்ளத்தைத் தாண்டினாள். நான் மூச்சுவிடவில்லை. இரண்டாவதையும் தாண்டினாள். மூன்றாவதில் விரல் சோர்ந்துவிட்டது. பெண் தண்ணீரில் விழுந்தாள், நல்ல சத்தத்தோடு.

கலை சிரித்தாள். வலது கையை உதறிக்கொண்டாள். திரும்பிப் பார்க்காமலேயே நான் நிற்பது அவளுக்குத் தெரிந்திருந்தது.

"வா அண்ணி, உன் பாதியப் புடி."

கையைப் புடவையில் துடைத்துக்கொண்டு போய் உட்கார்ந்தேன். அவள் மூச்சை இழுத்தாள். நான் அமுக்கினேன்.

கொஞ்சம் லேட்டுதான். ஆனாலும் தாண்டிவிட்டோம்.